பனைமரத்தில் இருந்தவள்

ஆந்திரக் கடலோரத்தில், அவனிகட்டாவுக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் தமயந்தி ரவிக்கை தைத்துப் பிழைக்கிறாள். ஆனால் ஊர் அவளை அறிந்திருப்பது எழுபத்தேழாம் வருடத்துப் புயலால். கடல் ஊருக்குள் புகுந்த அன்று அப்பா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு பனைமரம் ஏறினார். தன் வேட்டியால் அவளை மரத்தோடு சேர்த்துக் கட்டினார். அம்மாவைத் தண்ணீர் கொண்டுபோயிற்று. அப்போது தமயந்திக்கு ஆறு வயது.

வருடா வருடம் புயல் நாள் வரும் நவம்பரில் நான் டீச்சராக இருக்கும் பள்ளிக்கு அவளை அழைத்துப் பேசச் சொல்வேன். சொல்லும்போது அவள் கை தானாக இடுப்புக்குப் போகும், வேட்டி இறுக்கிய இடத்துக்கு. பிள்ளைகள் மூச்சு விடாமல் கேட்பார்கள்.

அந்த வருடம் கடைசி வரிசையில் அவள் அக்கா சாம்ராஜ்யமும் உட்கார்ந்திருந்தாள். பதினாறு வயதில் கல்யாணமாகி பிலாய்க்குப் போனவள்; கணவர் இரும்பாலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஊருக்கே திரும்பியிருந்தாள். இத்தனை வருடத்தில் தங்கை பேசி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

திரும்பும் வழியில் மூவரும் கால்வாய்க் கரையில் நடந்தோம். சாம்ராஜ்யம் சட்டென்று நின்றாள்.

"ஏண்டி, மரத்துல இருந்தது நான்தானே?"

தமயந்தி சிரித்துவிட்டாள். "பிலாய் இரும்போட இருந்து இருந்து உனக்கு மூளையும் துருப்பிடிச்சுப் போச்சா அக்கா?"

"விளையாடாதே. உனக்குக் காய்ச்சல்னு அம்மா குடிவாடா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. அத்தை வீட்டுல உன்னை விட்டுட்டு, அறுப்பு வேலை கிடக்குன்னு தான் மட்டும் திரும்பி வந்தா. மறுநாள்தான் புயல். நீ ஊர்லயே இல்லை."

"அப்போ என் இடுப்புல அப்பா வேட்டி இறுக்கினது? அம்மா கை நழுவினது? அதெல்லாம் கனவா?"

"எனக்கென்ன தெரியும்? ஆனா அது என்னோடது."

அதன்பின் அக்கா தங்கை இருவருக்கும் பேச்சு நின்றுபோயிற்று. அப்பாவைக் கேட்கலாம் என்றால் அவர் இறந்து வெகுகாலம். உயிரோடு இருந்தபோதும் புயல் என்ற சொல் காதில் விழுந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுகிறவர். தமயந்தி சொல்லித் திரிந்த கதை அவர் காதுக்கு எட்டியதே இல்லை.

கடைசியில் தமயந்தியே என்னிடம் வந்தாள். "டீச்சர், ஏசுதாஸ் பாபாய் அடுத்த மரத்துல இருந்தாராம். கேட்டுடலாம். நீங்களும் வாங்க. எங்க ரெண்டு பேரையும் தனியா விட்டா அடிதடி ஆயிடும்."

ஊருக்கே பாபாய், அதாவது சித்தப்பாவான ஏசுதாஸ் கிழவர் வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். கேள்வியைக் கேட்டதும் தயங்காமல் சாம்ராஜ்யத்தை நோக்கிக் கையை நீட்டினார். "பெரியவதான். சின்னவளை உங்கப்பன் தண்ணி வடிஞ்சப்புறம் போய்க் கூட்டிட்டு வந்தான்."

தமயந்தி திகைத்துப் போனாள். "பொய் சொல்றீங்க பாபாய். எனக்கு எல்லாமே தெரியுமே! நான் தூங்கிடக் கூடாதுன்னு அப்பா, தெருக்கோடியிலேர்ந்து ஒவ்வொரு வீடா, யார் யார் இருக்காங்கன்னு சொல்லச் சொன்னார். நான் சொல்லிட்டே இருந்தேன்."

"அப்படி ஒண்ணும் நடக்கலையே" என்றாள் சாம்ராஜ்யம்.

கிழவரின் கைகள் வலையில் நின்றன.

"நடந்துச்சு" என்றார். "நீதான் சொன்னே, பெரியவளே. எங்க வீட்டுக்கு வந்ததும் என் பொண்டாட்டி பேரைச் சொன்னே, குழந்தை பேரைச் சொன்னே. நான் அடுத்த மரத்துல கேட்டுட்டு இருந்தேன். அவங்க ரெண்டு பேரும் அப்பவே போயிட்டாங்க. உனக்குத் தெரியாது."

பிறகு அவரே தொடர்ந்தார். "புயலுக்கு அப்புறம் கொஞ்ச நாள் இவ சின்னவகிட்ட அதையேதான் சொல்லிட்டிருந்தா. சின்னவ விடமாட்டா, அப்புறம், அப்புறம்னு கேட்பா. ஒருநாள் இவ நிறுத்திட்டா. அதோட சரி. சின்னவ அதைத் தன் கதையா சொல்றான்னு தெரிஞ்சும், யார் சொன்னா என்னன்னு நான் விட்டுட்டேன்."

சாம்ராஜ்யம் அந்தப் பெயர்களைத் தங்கையிடம் இறக்கி வைத்துவிட்டு மறந்திருக்கிறாள். ஒன்பது வயதில் அதைச் சுமந்துகொண்டு வாழ முடியாது என்று அவளுக்குள் ஏதோ ஒன்று முடிவு செய்திருக்க வேண்டும். தமயந்தியோ கேட்டதைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டாள். ஒவ்வொரு முறை சொன்னபோதும் தண்ணீர் இன்னும் கொஞ்சம் நிஜமாகியிருக்கும்.

அன்று வீடு திரும்பிய பிறகு சாம்ராஜ்யம் தங்கையின் தையல் மெஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அந்தப் பேரெல்லாம் ஒருதரம் சொல்லேன்" என்றாள். தமயந்தி தெருக்கோடியிலிருந்து சொல்லத் தொடங்கினாள். ஏசுதாஸின் வீடு வந்ததும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஆனால் தமயந்தியின் துக்கம் வேறாக இருந்தது. அம்மா கை நழுவியதுதான் அம்மாவைப் பற்றி அவளிடம் இருந்த கடைசி நினைவு. அதுவும் இப்போது அவளுடையது இல்லை. தன்னுடையதைத் தேடிக்கொண்டு குடிவாடா போனாள். நானும் சாம்ராஜ்யமும் உடன் போனோம். அத்தை வீடு இருந்த இடத்தில் செருப்புக்கடை இருந்தது. எதிரே ஒரு பழைய பஞ்சாலைச் சுவர், அவ்வளவுதான். தமயந்தி அங்கேயே நின்று கண்ணை மூடினாள். ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன.

"ஒண்ணுமே வரலை அக்கா" என்றாள். "அம்மா என்னை விட்டுட்டுக் கிளம்பினப்போ என்ன சொல்லிட்டுப் போனா? ஊருக்கு வந்து உன்கிட்ட ஏதாவது சொன்னாளா? என்ன புடவை கட்டியிருந்தா?"

சாம்ராஜ்யம் பதில் சொல்ல வாயெடுத்தாள். பிறகு வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"எனக்கு ஏதோ லேசா இருக்குடி. ஆனா நான் சொல்லமாட்டேன். சொன்னா அதையும் நீயே பார்த்த மாதிரி ஆயிடும்."

தமயந்தி அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செருப்புக்கடைப் படியில் உட்கார்ந்து மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள். நாங்கள் அவசரப்படுத்தவில்லை.