தலைவருக்கு ஆறு காம்பரா

1930களில், இலங்கையில் தேயிலை விலை விழுந்து தோட்டங்களில் ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்தபோது, ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தில் நான் கிளாக்கராக இருந்தேன். வெள்ளைக்காரத் துரைமார் சங்கத்தின் முன்னாள் தலைவர் ஒருவர் காலமாகியிருந்தார். அவருக்குத் தீவு முழுவதற்கும் பொதுவாக ஒரு நினைவுத்தூண் எழுப்ப எங்கள் மேல்மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கிருந்து மூன்று பள்ளத்தாக்குகள் தெரியும். குறுக்கே நின்றது தொழிலாளர் குடியிருந்த ஒரு லயம்தான். ஒரே வரிசையில் ஆறு காம்பரா, அறைக்கு ஒன்றாக ஆறு குடும்பம்.

நில அளவைக்காரர்கள் லயத்து முனையில் ஒரு கல்லை நட்டுப் போனார்கள். மறுநாள் எங்கள் தோட்டத்துத் துரை ஓர் ஆங்கிலப் பத்திரத்தைக் கொடுத்து, ஆறு பேரிடமும் கைநாட்டு வாங்கு, விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னால் போதும் என்றார். யாராவது சுருக்கமாகப் போதும் என்றால் முழுவதையும் வாசித்துவிடுவது என் வழக்கம். காம்பராவைச் சொந்த விருப்பத்தில் காலி செய்வதாக அதில் இருந்தது. மாற்று இடத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. காம்பரா இல்லாதவருக்கு வேலைப் பதிவேட்டிலிருந்து பேர் வெட்டு. பேர் வெட்டினால் கப்பலேறி இந்தியா. அடியில், 'தமிழில் வாசித்து விளக்கினேன்' என்று நான் கையெழுத்திட இடம் விட்டிருந்தார்கள். நாளை விசாரணை வந்தால் அந்த வரிக்குத் துரை பதில் சொல்லப்போவதில்லை. எனவே காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் ஒரு சொல் விடாமல் வாசித்தேன். இரக்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

அந்த லயத்தில் மூத்தவர் கவ்வாத்துக் கங்காணி. தேயிலைச் செடி வெட்டும் ஆட்களுக்கு அவர்தான் மேலாள். கேட்டு முடித்ததும் நிதானமாகச் சொன்னார்: "இருந்தப்ப அந்தத் தலைவரு நம்ம லயத்துப் பக்கம் எட்டிப் பாக்கலைங்க. செத்த பெறகு குடிவர்றாருங்களா?"

யாரும் விரலை மையில் வைக்கவில்லை.

அடுத்த வாரம் கவ்வாத்துத் தொடங்கியது. முதல் நாள் ஒரு கல்லைச் சாமியாக நிறுத்தி, கத்திகளை அதன் காலடியில் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் ஒரு கிளையை வெட்டுவார்கள். வழக்கமாக ஏதாவது ஒரு மரத்தடியில் நடக்கும். அந்த ஆண்டு அளவைக்கல்லுக்குச் சந்தனமும் குங்குமமும் ஏறின, சேவலும் அறுபட்டது. துரை வந்து பார்த்தார், குதிரையைத் திருப்பினார். சாமிக்கல்லில் கை வைத்த தோட்டத்தில் மறுநாள் பெரட்டுக்கு ஆள் வராது என்பதை அவர் அறிவார். தூண் கீழே ரோட்டு வளைவுக்குப் போனது. காரணம் 'மேல்மலையில் காற்று அதிகம்' என்று துரைக்காகச் சங்கத்துக்குக் கடிதம் எழுதியவன் நான்.

கங்காணி நன்றி சொல்ல வருவார் என்று எதிர்பார்த்தேன். வந்தார். ஆபீஸ் வாசலிலேயே நின்றார்.

"ஐயா, ஆபீஸ்காரங்க முழுசா வாசிச்சு நாங்க கண்டதில்லைங்க. இதுல உங்களுக்கு என்னங்க?"

ஒன்றுமில்லை என்றேன். அவர் நம்பவில்லை, நானாக இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன். அப்படின்னா பத்திரத்தைக் கொடுங்க, அது எங்ககிட்ட இருக்கட்டும் என்றார். ஆபீஸ் தாளை வெளியாளிடம் கொடுக்கக் கூடாது என்பது விதி. கொடுத்தேன். எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதர் இரண்டு பக்கத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மடித்துத் தலைப்பாகைக்குள் செருகிக்கொண்டு போய்விட்டார்.