இங்கிலீஷ் படத்துக்குக் கட்சி இல்லை

எங்கள் சினிமாக் கொட்டகையை யாராவது இளக்காரமாகப் பேசினால் எனக்கு இன்றைக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். பேசியவர் யார், என்ன வயது என்றெல்லாம் பார்க்கமாட்டேன். பொம்மிடி ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரத்தில் நின்ற டெண்டுக் கொட்டகைதான் அது. மணல் தரை, நாலைந்து வரிசை பெஞ்சு, கடைசியில் பெரிய மனிதர்களுக்கென்று பத்துப் பன்னிரண்டு மடக்கு நாற்காலி. புரொஜக்டர் ஒன்றே ஒன்று. அதனால் ஒவ்வொரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டு அடுத்த ரீலை மாட்டவேண்டும். ஆனால் எங்கள் திரையில் படம் ஒருநாளும் ஆடியதில்லை, மங்கியதில்லை. சேலத்தில் பெரிய தியேட்டரில் பார்த்துவிட்டு வந்தவர்கள் அதே படத்தை எங்களிடம் மறுபடி பார்த்து, "இங்கதாங்க மூஞ்சி தெளிவாத் தெரியுது" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள் நான்.

அந்தப் பெருமைக்குச் சொந்தக்காரர்கள் இரண்டு பேர். ஒருவர் என் அப்பா. சேலத்துத் தியேட்டர் ஒன்றில் ஆபரேட்டராக இருந்துவிட்டு, அறுபதுகளின் நடுவில் ஊர் திரும்பியவர். புரொஜக்டர் ஓடும் சத்தத்தை வைத்தே எந்தச் சக்கரத்துக்கு எண்ணெய் வேண்டும் என்று சொல்லிவிடுவார். இன்னொருவர் அவரோடு நீ, வா, போ என்றே பேசிப் பழகிய பள்ளிக்கூடத்துச் சிநேகிதர், கடைவீதியில் தையற்கடை வைத்திருந்த பாய். எனக்கு அவர் மாமா. டெண்டுத் துணியைத் தைத்தது அவர், வெள்ளைத் திரையைத் தைத்ததும் அவர்தான். திரையில் இரண்டு துணி சேரும் இடம் தெரிந்தால் கதாநாயகியின் முகத்தில் கோடு விழும் என்று மூன்று தடவை பிரித்துத் தைத்தாராம். கொட்டகையின் லைசென்ஸ் இருவர் பெயரிலும் இருந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் கட்சி இரண்டாய்ப் போனது. எங்கள் பக்கத்தில் கட்சி உடைந்தால் மேடையோடு நிற்காது. டீக்கடை இரண்டாகும், சலூன் இரண்டாகும், கல்யாணப் பந்தியில் உட்காரும் வரிசைகூட இரண்டாகும். அப்பா தலைவரோடு நின்றார். மாமா நடிகரோடு போனார். ஒரு வாரம் வாக்குவாதம், அடுத்த வாரம் கூச்சல், அதற்கப்புறம் பேச்சே இல்லை. ஒரே கொட்டகைக்குள் பதினோரு மாதம் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. "உங்கப்பாகிட்டச் சொல்லும்மா" என்பார் மாமா. "உங்க மாமன்கிட்டச் சொல்லு" என்பார் அப்பா. பகலில் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த எனக்கு, சாயங்காலமானால் தபால்காரி உத்தியோகம்.

படங்களையும் பிரித்துக்கொண்டார்கள். திங்கள், செவ்வாய், புதன் அப்பாவுடைய நாள். அன்றைக்கு நடிகரின் படம் ஓடாது. வியாழன், வெள்ளி, சனி மாமாவின் நாள். அன்றைக்கு வேறு யார் படமும் ஓடாது. ஞாயிற்றுக்கிழமைதான் தகராறு. கொஞ்ச நாள் சாமி படமாகப் போட்டுச் சமாளித்தோம். இருந்த சாமியெல்லாம் தீர்ந்துபோனதும், "இங்கிலீஷ் படம் போடச் சொல்லு. அதுக்குக் கட்சி கிடையாது" என்றார் அப்பா. மாமாவும் ஒத்துக்கொண்டார். அந்தப் பதினோரு மாதத்தில் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

இங்கிலீஷ் படம் என்றால் மைக்கில் தமிழில் கதை சொல்ல ஆள் வேண்டும். அது நான். பெண்கள் பகுதியின் ஓரத்தில் ஒரு மேஜை போட்டு, மைக்கை வைத்து, கம்பெனி அனுப்பும் கதைச் சுருக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே சொல்வேன். அடக்கமாகச் சொல்வதற்கு ஒன்றுமில்லை, நான் நன்றாகவே சொல்வேன். படத்தைவிட டீச்சர் கதை நல்லா இருக்குது என்று வத்தல்மலையிலிருந்து இறங்கி வந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

இதற்கிடையில் லைசென்ஸ் முடியும் நாள் வந்துவிட்டது. அரூர் தாலுகா ஆபீஸில் பங்காளிகள் இருவரும் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டால்தான் புதுப்பிப்பார்கள். கடைசி நாள் ஒரு திங்கட்கிழமை. தவறினால் டெண்டைப் பிரித்து மடித்துவைக்க வேண்டியதுதான். "அவரு வந்து கூப்புடட்டும், வரேன்" என்றார் அப்பா. "கூப்புட வேண்டியது நானாம்மா? உங்கப்பா கூப்புடட்டும், முன்னாடி போயி நிக்கறேன்" என்றார் மாமா. நான் கெஞ்சிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன், ஒருநாள் சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தேன். இரண்டு கிழட்டுப் பிடிவாதத்துக்கு நடுவில் எங்கள் கொட்டகை சாகப்போகிறது என்று நினைத்து, பள்ளிக்கூடத்தில் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று அழுதிருக்கிறேன்.

அந்தத் திங்களுக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டம். சேலத்திலிருந்து ரயிலில் வந்த பெட்டியில் ஒரு கறுப்பு வெள்ளைச் சண்டைப் படம் இருந்தது. போஸ்டரில் இரண்டு பேர் தோளில் கைபோட்டு நிற்க, பின்னால் ஒரு குதிரை. குதிரை இருந்தால் கூட்டம் வரும் என்று எடுத்தது. கதைச் சுருக்கத்தைப் படித்தபோதுதான் எனக்குத் திக்கென்றது. ஒரே ஊரில் பிறந்து ஒன்றாகக் குதிரை பழக்கிய இரண்டு சிநேகிதர்கள். நாட்டுக்குள்ளேயே சண்டை மூள்கிறது. ஒருவன் வடக்குப் படைக்கும் ஒருவன் தெற்குப் படைக்கும் போகிறான். பெட்டியைத் திருப்பி அனுப்ப நேரமில்லை. வருவது வரட்டும் என்று மைக்கைப் பிடித்தேன்.

இரண்டாவது ரீல் முடிந்து விளக்கு போட்டதும் ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "டீச்சர், இதுல நம்மாளு யாரு?"

அங்கேதான் நான் தப்புப் பண்ணினேன். உள்நாட்டுச் சண்டையை ஊர் ஜனங்களுக்குப் புரியும்படி சொல்லவேண்டும் என்ற ஆசை. "வடக்குப் படை, முதல்லேருந்து இருக்கற பெரிய சர்க்காரோட படைங்க. தெற்குப் படை, ஒத்துவராதுன்னு தனியாப் பிரிஞ்சு போனவங்க படைங்க" என்றேன்.

அதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்கவே முடியாது. மொத்தக் கொட்டகைக்கும் ஒரே நொடியில் புரிந்துவிட்டது. இடது பக்க பெஞ்சு முழுக்க வடக்கானது, வலது பக்கம் தெற்கானது. அடுத்த ரீலிலிருந்து வடக்கத்தியான் குதிரையேறினால் இந்தப் பக்கம் விசில், தெற்கத்தியான் துப்பாக்கியைத் துடைத்தால் அந்தப் பக்கம் விசில். கட்சியே இல்லாத படம் என்று தேடிப் பிடித்த படத்துக்கு நானே இரண்டு கட்சியையும் கொடுத்துவிட்டேன். கேபின் ஓட்டை வழியாக அப்பா என்னை முறைத்தது இருட்டிலும் தெரிந்தது.

இன்னொரு சங்கடமும் இருந்தது. கறுப்பு வெள்ளையில் இரண்டு படைக்கும் உடுப்பு ஒரே நிறம். தொப்பியை வைத்துத்தான் நானே ஆளை அடையாளம் கண்டுகொண்டிருந்தேன்; மடக்குத் தொப்பி வடக்கு, வட்டத் தொப்பி தெற்கு. ஏழாவது ரீலில் ஆற்றைக் கடக்கும் சண்டை. மழை, புகை, சேறு. ஒருத்தர் தலையிலும் தொப்பி இல்லை. சிநேகிதர்கள் இருவரும் எதிரும் புதிருமாக ஓடிவருகிறார்கள், வேட்டுச் சத்தம் கேட்கிறது, ஒருவன் விழுகிறான். கூட்டம் என்னையே பார்த்தது. "தெற்குப் படைக்காரர் விழுந்துட்டாரு" என்று சொல்லிவிட்டேன்.

இடது பக்கம் விசில் காதைப் பிளந்தது. வலது பக்கத்திலிருந்து மணல் பறந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. உயிரோடிருந்தவன் கரையில் கிடந்த தொப்பியை எடுத்து மாட்டினான். வட்டத் தொப்பி. "மன்னிக்கணும், விழுந்தது வடக்குங்க" என்று மாற்றிச் சொன்னேன். இப்போது மணல் இடது பக்கத்திலிருந்து வந்தது. டீச்சர் அப்பன் கட்சிக்குப் பேசுது என்று ஒருவர் கத்த, மாமனுக்குப் பயந்து மாத்திச் சொல்லுது என்று இன்னொருவர் கத்தினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. படத்தை நிறுத்தச் சொல்லி, விளக்கைப் போடவைத்தேன். "எனக்கு ஆள் தெரியலைங்க. ரெண்டு பேரும் ஒரே மாதிரி இருக்காங்க. யாருக்காச்சும் தெரிஞ்சா வந்து சொல்லிட்டு, நீங்களே மைக்கையும் பிடிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு மேஜையிலிருந்து தள்ளி நின்றேன்.

டிக்கெட் கிழித்து முடித்து, வாசலில் நின்றபடியே படம் பார்த்துக்கொண்டிருந்த மாமா மணலில் நடந்து வந்தார். "விழுந்தது வடக்கத்தியாந்தாம்மா. சந்தேகமே இல்ல" என்றார்.

அதற்குள் அப்பா கேபினைவிட்டு இறங்கி வந்துவிட்டார். என்னைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தவர், நேராக மாமாவைப் பார்த்தே சொன்னார். "தொப்பி யாருதுன்னு யாருக்குத் தெரியும்? கரையில கெடந்த தொப்பிய எவன் வேணா எடுத்து மாட்டலாம். விழுந்தது தெக்கத்தியான்."

"இல்லீங்க, வடக்கத்தியான்."

"நீங்க வாசல்ல இருந்து பாத்தீங்க. நான் கேபின்லேருந்து பாத்தேன்."

"எங்கேருந்து பாத்தாலும் ஆளு ஆளுதானுங்க."

பதினோரு மாதத்துக்கு அப்புறம் இருவரும் பேசிக்கொண்ட முதல் பேச்சு இதுதான். செத்துப்போன யாரோ ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் வடக்கா தெற்கா என்று. அவரவர் அடுத்த கட்சி ஆளைத்தான் சாகடிக்கிறார் என்று கூட்டம் சிரித்தது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

"ரீலைத் திருப்பி ஓட்டுங்க, தெரிஞ்சுபோவும்" என்றார் மாமா. ஓடின ரீலை மறுபடி ஓட்டுவது அப்பாவின் சட்டத்திலேயே கிடையாது. கலெக்டர் வீட்டம்மா கேட்டபோதே முடியாது என்றவர். அன்றைக்கு மறுபேச்சுப் பேசாமல் போய், கையாலேயே ரீலைச் சுற்றித் திருப்பி மாட்டினார். கொட்டகை மூச்சுவிடாமல் பார்த்தது. சண்டையின் ஆரம்பத்தில், கண்ணிமைக்கும் நேரத்துக்கு, ஓடிவருகிறவன் தலையிலிருந்து ஒரு தொப்பி காற்றில் பறந்தது. மடக்குத் தொப்பி. அவனேதான் அப்புறம் விழுந்தான்.

அப்பா மறுபடி இறங்கி வந்தார். அவர் மைக்கில் பேசி நான் பார்த்ததே இல்லை. அதை வாய்க்குப் பக்கத்தில் இழுத்துவைத்துக்கொண்டு, "பாய் சொன்னதுதான் சரிங்க. செத்தது எங்காளுதான்" என்றார்.

முதலில் வலது பக்கம் கை தட்டியது. அதற்கப்புறம் இடது பக்கமும் தட்டியது. ஊர் மத்தியில், தன் கட்சிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, தப்பை ஒப்புக்கொண்ட மனிதருக்கு நான் மகள் என்று எனக்கு அன்றைக்கு வந்த கர்வம் இன்னும் இறங்கவில்லை. விட்டால் இருவரும் அவரவர் இடத்துக்குப் போய்விடுவார்கள். "ரெண்டு பேரும் இங்கேயே நின்னு எனக்கு ஆள் சொல்லுங்க, இல்லாட்டி நான் மைக்கைத் தொடமாட்டேன்" என்றேன். கேபினை உதவி ஆபரேட்டரிடம் விட்டுவிட்டு அப்பா எனக்கு இந்தப் பக்கம் நின்றார், மாமா அந்தப் பக்கம். உயிரோடிருப்பவன் சிநேகிதனின் உடலைக் குதிரைமேல் ஏற்றி ஊருக்குக் கொண்டுபோகும் மூன்று ரீலையும் நாங்கள் சேர்ந்துதான் சொன்னோம். யாரும் விசிலடிக்கவில்லை.

படம் முடிந்து கூட்டம் கலையும்போது, பெஞ்சைத் தட்டிக்கொண்டே மாமா கேட்டார். "காலையில அரூருக்கு எத்தன மணிக்கு பஸ்ஸு?"

"எட்டேகால்" என்றார் அப்பா.

கட்சி விஷயத்தில் கடைசிவரை இருவரும் மாறவில்லை. தேர்தலுக்குத் தேர்தல் எதிரெதிரே நின்று கத்தினார்கள். கொட்டகை அதற்கப்புறமும் பல வருஷம் ஓடியது. மறுநாள் அரூருக்கு நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன், வழியில் யாராவது இறங்கிப் போய்விடக்கூடாதே என்று. தாலுகா ஆபீஸ் வராந்தாவில் காகிதத்துக்காகக் காத்திருக்கும்போது மாமாவிடம் கேட்டேன். "எனக்கும் தெரியல, அப்பாவுக்கும் தெரியல. அந்தச் சேத்துல உங்களுக்கு மட்டும் எப்படி மாமா ஆள் தெரிஞ்சது?"

"ரெண்டாவது ரீல்ல அந்த வடக்கத்தியான் குதிரை பக்கத்துல வந்து நின்னாம் பாரு, அப்பவே புடிச்சிட்டேம்மா. வலது தோளு எறங்கியிருந்துச்சு. உங்கப்பனுக்கு நான் சட்டை தைக்கறப்ப வலது பக்கம் அரை இஞ்சு எறக்கித்தான் வெட்டுவேன். படப்பெட்டி தூக்கித் தூக்கி எறங்கின தோளு அது. அப்புறம் நான் அவனைத் தவிர வேற யாரையும் பாக்கல. அவன் விழுந்தா எனக்குத் தெரியாதா?"

அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கிளார்க் காகிதத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தபோது, அதை மாமா பக்கம் நகர்த்தி, "மொதல்ல நீ போடு" என்றார்.