அருள்தாஸ் அண்ணன் காலில் நான் போட்ட கோடு

ஃபாக்டரி டிஸ்பென்சரியில் நர்சாக இருப்பவளுக்கு ரத்தத்தைப் பார்த்துப் பயம் வராது. காயத்தை மறைக்கிற ஆளைப் பார்த்தால்தான் பயம். ஊசியும் கையுமாக வேலை பார்த்த சகோதரிகளே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்!

கிரீஸ் வைத்தியம்

சனத்நகர் ஃபாக்டரியில் நான் சேர்ந்த முதல் வாரம். ஒரு வெல்டர் விரல் வீங்கி வந்தான். கட்டைப் பிரித்தால், ஐயோ, உள்ளே கருப்பாக மெஷின் கிரீஸ்! எந்தப் புத்திசாலி தடவச் சொன்னான் என்று கத்தினேன். அவன் சொன்னான்: "பேரிங்கே சத்தம் போடாம ஓடுது சிஸ்டர், விரல் ஓடாதா?"

நீலக் கோடு

அருள்தாஸ் அண்ணன் மெட்டுகுடாவில் எங்கள் பக்கத்து வீடு. இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷன், அளவு தப்பிய சாமானை ஒதுக்கித் தள்ளுவதுதான் உத்தியோகம். இரும்புச் சீவல் கீறி, அவர் பாதம் சிவந்து, தொட்டால் சுட்டது. தோலுக்கு அடியில் இருக்கிற இணைப்புத் திசுவில் அழற்சி, செல்லுலைட்டிஸ் என்றார் டாக்டர். பென்சிலின் போட்டு, சிவப்பு முடிகிற இடத்தில், கணுக்காலுக்கு நாலு விரல் மேலே, நீலப் பேனாவால் என்னைக் கோடு போடச் சொன்னார், போட்டேன். சிவப்பு அதைத் தாண்டினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

அண்ணனுக்கோ வெள்ளிக்கிழமை பிரமோஷன் டெஸ்ட். ஆறு வருஷமாகக் காத்திருந்தது. மறுநாள் டிஸ்பென்சரியில் ஒரே கூட்டம். சிவப்பு கோட்டுக்குள்தான் இருந்தது. ஊசி போட்டு அனுப்பினேன். போகும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்: "பாத்தியாம்மா, லிமிட்டுக்குள்ளதான் இருக்கு. ஆஸ்பத்திரி நக்கோ, வேண்டவே வேண்டாம்!"

பேண்ட்டைச் சுருட்டியபோது

வியாழக்கிழமை பேண்ட்டைச் சுருட்டினார். சுருட்டிக்கொண்டே போனார். கோடு முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது! பாவி மனுஷன், ரெண்டு நாளும் பழைய கோட்டை ஸ்பிரிட்டால் அழித்துவிட்டு, சிவப்பு ஏற ஏறப் புதுக் கோடு போட்டிருக்கிறார். நானும் முந்தின நாள் கோட்டைப் பார்த்தேனே தவிர, அது எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. ஆடுசதையில் கொப்புளம் கருத்துக் கிடந்தது. "டெஸ்ட் நாளைக்குத்தானேம்மா" என்று அவர் கெஞ்சக் கெஞ்ச ஜீப்பில் ஏற்றினோம்.

காலைக் காப்பாற்றினார்கள், ஆடுசதையில் பாதியை வெட்டி எடுத்த பிறகு. டெஸ்ட் அவர் இல்லாமலே முடிந்தது. பார்க்கப் போனபோது திட்டித் தீர்க்க வேண்டும் என்றுதான் போனேன். அவரைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். அவரே மெதுவாகச் சொன்னார்: "மயிரிழை தாண்டினாலும் அடுத்தவன் வேலைய ரிஜெக்ட் பண்ணினவன்மா நான். என் காலை மட்டும் பாஸ் பண்ணிட்டேன்."

அன்றிலிருந்து கோடு போட்ட கையோடு முழங்காலிலிருந்து ஸ்கேல் வைத்து அளந்து ரிஜிஸ்டரில் எழுதிவிடுகிறேன், என் சொந்தப் புருஷன் காலாக இருந்தாலும் சரி.