பாவம் என்று சொன்னவர் டீ வாங்க வேண்டும்

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், முன்பு சிமெண்ட் மூட்டை அடுக்கிவைத்திருந்த கோடவுன் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, அதன் நெற்றியில் 'மன கேமரா' என்று தாட்சாயணி போர்டு மாட்டினாள். தெலுங்கில் 'நம்ம கேமரா' என்று பொருள். சிமெண்ட் வாசனை போகவே இல்லை. ஆனால் வாசலில் ஒரு படிகூடக் கிடையாது, சக்கர நாற்காலி நேராக உள்ளே வந்துவிடும். ஊரில் அப்படி ஓர் இடம் கிடைக்க அவள் எட்டு மாதம் அலைந்தாள். அலைந்தாள் என்றால், போலியோவில் சூம்பிய இடது காலை இழுத்துக்கொண்டு அலைந்தாள்.

உடற்குறை உள்ளவர்களுக்குச் சினிமா எடுக்கக் கற்றுக்கொடுக்கும் அறக்கட்டளை அது. அவர்களைப் பற்றிப் படம் எடுப்பதற்கு நாட்டில் ஆளுக்குப் பஞ்சமில்லை. அவர்களே எடுக்க வேண்டும் என்பதுதான் தாட்சாயணியின் கட்சி. அங்கே அவள் போட்ட சட்டம் இரண்டே இரண்டு. எடுப்பவர் முடிவுதான் முடிவு, அதில் தலைவிகூடத் தலையிடக் கூடாது. இரண்டாவது, 'பாவம்' என்ற சொல்லை யார் வாயைத் திறந்து சொன்னாலும் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். பார்க்க வந்த ஒரு பெரிய அதிகாரி உட்கார்ந்த கால் மணி நேரத்தில் நான்கு முறை சொல்லிவிட்டார். விடுவாளா? டீயும் வடையும் வந்து சேர்ந்தன.

நாகலாபுரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் விவசாயக் குடும்பத்துப் பெண் அவள். அண்ணன் குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போய், தொண்ணூற்று மூன்றில் முதல் விடுமுறைக்கு வந்தபோது ஒரு வீடியோ கேமரா கொண்டுவந்தான். அவனுக்கு அதை இயக்கத் தெரியவில்லை, இவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்போது அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் குவைத்துக்கும் துபாய்க்கும் போய்க்கொண்டிருந்த காலம். போனவர்களுக்கு வீட்டைப் பார்க்க வேண்டும், புதுக் கிணற்று மோட்டாரைப் பார்க்க வேண்டும், பிறந்த குழந்தையைப் பார்க்க வேண்டும். தாட்சாயணி அப்பாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து ஊர் ஊராகப் போய் எடுத்துக் கொடுத்தாள்.

அதிக நேரம் நிற்க முடியாததால் தரையில் உட்கார்ந்துதான் எடுப்பாள். கல்யாணத்தில் மற்ற வீடியோக்காரர்கள் பந்தியை எடுத்தால் வெறும் உச்சந்தலையாகத் தெரியும். இவள் எடுத்தால் சாப்பிடுகிறவர்களின் முகம் நேருக்கு நேர் தெரியும். பந்தியில் தானும் உட்கார்ந்து சாப்பிட்ட மாதிரி இருந்தது என்று குவைத்திலிருந்து ஒருவன் போன் செய்து அழுதான். அதற்குப் பிறகு புத்தூர் ஸ்டுடியோவில் அவளுக்கென்று ஒரு நாற்காலி போட்டார்கள்.

அதே ஸ்டுடியோவில் கேமரா பிடிப்பவன் ரமணா. பிறவியிலேயே காது கேளாது, பேச்சும் கிடையாது. சைகையில்தான் பேசுவான், அதுவும் வேகமாக. தாட்சாயணி அந்தச் சைகையை ஒரு மழைக்காலத்தில் கற்றுக்கொண்டாள். இருவரும் சேர்ந்து ஒரு கல்யாணத்துக்குத் திருப்பதி வந்தார்கள். தாலி கட்டும் நேரம் நெருங்கியபோது பெண்ணின் மாமா பக்கத்தில் வந்து, மிக அன்பாக, "முகூர்த்தத்துக்கு மட்டும் வேற ஆளு எடுக்கட்டும்மா. நீங்க ரெண்டு பேரும் அந்தாண்ட ஒக்காருங்க. உங்களுக்கு எதுக்குக் கஷ்டம்?" என்றார். சகுனம் பார்க்கிறார் என்பது தெரியாதா என்ன? தாட்சாயணி கேமராவைத் துணியில் சுற்றினாள், ரமணா விளக்கை அணைத்தான். வேறு ஆள் வந்து சேர்வதற்குள் முகூர்த்தம் முடிந்துவிட்டது. அந்தத் தம்பதிக்கு இன்றுவரை தாலி கட்டிய வீடியோ கிடையாது. 'மன கேமரா' பிறந்தது அந்தக் கோபத்தில்தான்.

இத்தனை வீறாப்பு உள்ளவளே ஒரு நாள் தடுமாறினாள். இரண்டாயிரத்து எட்டில், சத்தியவேடு பக்கத்திலிருந்து அம்சவேணி என்ற இருபத்தொரு வயதுப் பெண் வந்தாள். மூன்று வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு கண்ணும் போயிருந்தது.

"படம் எடுக்கணும் அக்கா. எங்கம்மாவ பத்தி" என்றாள்.

"ரேடியோ நிகழ்ச்சி பண்ணேன். உனக்குச் சரியா இருக்கும்" என்றாள் தாட்சாயணி.

"ஏன், உங்களுக்குக்கூட தையல் மிஷின் சரியா இருந்திருக்கும். நீங்க போனீங்களா?"

எதிரே எடிட்டிங் மேசையில் இருந்த ஷோபா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுடைய சக்கர நாற்காலியே குலுங்கியது. தாட்சாயணிக்கு முகம் சிவந்தது. அன்றே அம்சவேணியைச் சேர்த்துக்கொண்டாள்.

பார்க்க முடியாதவள் எப்படிப் படம் இயக்குவது? அம்சவேணி அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். எடுத்த காட்சியை ஷோபாவும், லைட் பிடிக்கும் பாலையாவும் தனித்தனியாகப் பார்த்து, தனித்தனியாக அவளிடம் சொல்ல வேண்டும். கரும்பு ஆலையில் ஒரு கையை இழந்தவர் பாலையா. அவருக்கு வெளிச்சமும் நிழலும்தான் கண்ணில் படும். ஷோபாவுக்குச் சேலைக் கரையும் சுவரின் அழுக்கும். இருவர் சொல்வதும் ஒத்தே போகாது, சண்டை வரும். அந்தச் சண்டைக்கு நடுவிலிருந்து அம்சவேணி காட்சியை எடுத்துக்கொள்வாள்.

அவளுடைய அம்மா பாப்பாத்தி அப்போதுதான் குவைத்திலிருந்து திரும்பியிருந்தாள். நிலம் இல்லாத குடும்பம். அம்சவேணிக்கு ஒன்பது வயதாக இருந்தபோது வீட்டு வேலைக்குப் போனவள், பன்னிரண்டு வருடம் கழித்து வந்திருக்கிறாள். போனில் மட்டுமே கேட்ட குரல் இப்போது பக்கத்துப் பாயில் படுக்கிறது. அந்தக் குரலைப் படமாக எடுக்க வேண்டும் என்பதுதான் மகளின் ஆசை. அடுத்த மாதம் திருப்பதியில் 'மன கேமரா'வின் முதல் திரையிடல். அதில் முதல் படம் இதுதான் என்று முடிவாகியிருந்தது.

படப்பிடிப்பு நன்றாகவே நடந்தது. அம்மாவுக்கு எதிரே அம்சவேணி உட்கார்ந்து கேள்வி கேட்டாள். "அங்க என்னை நெனப்பியா அம்மா?" என்றாள். "நெனைக்காத நாளே இல்ல கண்ணு. துன்னும்போதும் நீதான், தூங்கும்போதும் நீதான்" என்றது குரல். அம்சவேணியின் முகம் மலர்ந்துபோயிற்று. தாட்சாயணி அன்று ஒரு கூட்டத்துக்காகச் சித்தூர் போயிருந்தாள்.

மறுநாள் அம்சவேணி அவள் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"அக்கா, நேத்து எடுத்தத நீங்க பாத்து சொல்லணும்."

"அவங்க ரெண்டு பேரும் சொல்லலியா?"

"சொன்னாங்க. 'அம்மா உன்னையே பாத்துக்கினு பேசறாங்க'ன்னு. ரெண்டு பேரும் அதே வார்த்தை. இவ்ளோ நாள்ல ஒரு தபாகூட அவங்க ஒத்துப்போனது இல்ல அக்கா. பேசி வச்சிக்கினு சொல்றாங்க."

தாட்சாயணி டேப்பைப் போட்டுப் பார்த்தாள். பாப்பாத்தி மகளைப் பார்க்கவே இல்லை. குரல் கொஞ்சிக்கொண்டிருந்தது, கண்ணோ மடியில் இருந்த செல்போனில் இருந்தது. போனில் ஒரு பெண் குழந்தையின் படம். வெளுத்த முகம், சுருட்டை முடி, விலையுயர்ந்த கவுன். பாப்பாத்தியின் கட்டைவிரல் அந்தக் குழந்தையின் கன்னத்தைத் தடவித் தடவிக் கொடுத்தது. ரமணாவுக்கு அவள் பேசிய எதுவும் காதில் விழவில்லை. கண்ணில் பட்டதை எடுத்தான். முகத்திலிருந்து கைக்கு இறங்கி, அந்த விரலை விட்டு அசையவே இல்லை. அம்சவேணி கேட்டது ஒரு படம், ரமணா எடுத்தது இன்னொரு படம். கேட்கிறவளும் பார்க்கிறவனும் சேர்ந்து வேலை செய்கிற இடத்தில் மட்டுமே நடக்கக்கூடிய கோளாறு இது.

ஷோபாவைக் கூப்பிட்டு, "ஏண்டி பொய் சொன்னே?" என்றாள் தாட்சாயணி காதோடு.

"பாவம் அக்கா" என்றாள் ஷோபா. டீ ஞாபகம் இருவருக்குமே வரவில்லை.

தாட்சாயணிக்கும் வாய் வரை வந்துவிட்டது. ஆமாம் வேணி, உன்னைத்தான் பார்க்கிறாள் என்று ஒரு வரி. யாருக்கு நஷ்டம்? விரல் வருகிற இடத்தை வெட்டிவிட்டால் படமும் நிற்கும், பெண்ணின் மனசும் நிற்கும். பன்னிரண்டு வருடம் ஏங்கிய பெண். அதை நினைத்தபோதே அவளுக்கு அந்தக் கல்யாண மண்டபத்து மாமாவின் குரல் கேட்டது. அவரும் அன்பாகத்தானே சொன்னார்? உனக்கு எதுக்குக் கஷ்டம் என்று கேட்டுத்தானே ஓரமாக உட்காரச் சொன்னார்? இப்போது அதே வேலையை அவள் செய்யப் பார்த்தாள். தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"வேணி, உங்கம்மா உன்னைப் பாக்கல" என்றாள். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். போனை, குழந்தையை, கவுனை, கட்டைவிரலை.

அம்சவேணி டேப் ஓடிய பெட்டியைக் கையால் தடவிப் பார்த்தாள். பிறகு, "வயிறு எரியுது அக்கா" என்றாள். பெட்டியிலிருந்து கையை எடுத்து, "ரமணா அண்ணன் அத நல்லா எடுத்துக்கீறாரா?" என்று கேட்டாள்.

"ரொம்ப நல்லா எடுத்திருக்கான்."

"அப்ப அதுல கைய வைக்காதீங்க" என்று எழுந்து போனாள்.

ஒரு வாரம் அவள் வரவில்லை. உண்மை உண்மை என்று ஒரு பெண்ணின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டோமோ என்று தாட்சாயணி தவித்தாள். திரையிடலைத் தள்ளிவைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"வேன் எடுத்துக்கினு எல்லாரும் வாங்க அக்கா. இன்னொரு தபா எடுக்கணும்."

தடாவுக்குப் போகும் சாலையில் கம்பெனிக் கட்டடங்கள் எழுந்துகொண்டிருந்தன. அம்சவேணியின் அப்பா அங்கே கலவை தூக்கப் போயிருந்தார். சிமெண்ட் ஷீட் போட்ட வீட்டுக்கு முன்னால் அம்மாவும் மகளும் பழையபடி எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ரமணா கேமராவைத் தயார் செய்தான். அம்சவேணி முதல் கேள்வியைக் கேட்டாள்.

"அம்மா, அந்தப் பொண்ணு பேரு இன்னா?"

"எந்தப் பொண்ணு?"

"உன் போன்ல கீறாளே."

பாப்பாத்தி தாட்சாயணியைப் பார்த்த பார்வையில் பச்சை மரமும் எரிந்திருக்கும். தாட்சாயணி தலையைக் குனியவில்லை. பாப்பாத்தி போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நூரா" என்றாள். "நான் வேல செஞ்ச வூட்டுக் கொழந்த. பொறந்த அன்னியிலேர்ந்து நான்தான் வளத்தேன். என் பக்கத்துலதான் தூங்கும். எப்பிடி மறக்கறது, சொல்லு?"

"மறக்க சொல்லல. அன்னிக்கி என்கிட்ட பேசிக்கினு, அத ஏன் பாத்த?"

பாப்பாத்தி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். எடுத்தபோது அந்தக் கொஞ்சல் குரல் போயிருந்தது. வேறு ஒரு கரடுமுரடான குரல் வந்தது.

"நெனைக்காத நாளே இல்லன்னு பொய் சொன்னேன். உன் மூஞ்சிய பாத்துக்கினு அத சொல்ல முடியல. உன் மூஞ்சி எனக்கு மறந்துபோச்சி வேணி. ஒரு போட்டோ அனுப்புன்னு உங்க நைனாவ எத்தினி தபா கேட்டேன்! கண்ணு தெரியாத பொண்ண இன்னாத்துக்கு போட்டோ புடிக்கணும்னு விட்டுட்டாரு. எல்லாரும் புள்ளைங்க போட்டோவ வச்சிக்கினு அழுவாங்க. எனக்கு அழறதுக்கு ஒன்னும் இல்ல. மெட்ராஸ் ஏர்போட்ல எறங்கி, உன்னைத் தாண்டி போனேன். உங்க நைனா கூப்பிட்ட அப்புறம்தான் திரும்பி வந்தேன். உனக்குத் தெரியாது."

ரமணா தாட்சாயணியைத் திரும்பிப் பார்த்தான். என்ன சொல்கிறாள் என்று கண்ணால் கேட்டான். எடு, நிறுத்தாதே என்று மட்டும் தாட்சாயணி சைகை காட்டினாள்.

அம்சவேணி பாயை நகர்த்தி, அம்மாவின் முழங்காலில் தன் முழங்கால் படும்படி உட்கார்ந்தாள்.

"இப்ப பாக்கறியா?"

"பாக்கறேன்."

"ஷோபா அக்கா ஒரு மாதிரி சொல்லுவாங்க, பாலையா அண்ணன் ஒரு மாதிரி சொல்லுவாரு. என் மூஞ்சிய மட்டும் யாரும் எனக்குச் சொன்னதில்ல. நீ சொல்லு. நான் எப்பிடி கீறேன்?"

பாப்பாத்தி போனை ஓரமாக வைத்தாள். இரண்டு கையாலும் மகளின் முகத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"நெத்தி அகலம், உங்க நைனாவுது. மூக்கு எங்க அண்ணன் மூக்கு, நுனியில கொஞ்சம் சப்ப. இந்தப் பக்கம் கன்னத்துல ஒரு மச்சம். இது... இது நான் போகும்போதே இருந்திச்சி. இது எப்பிடி எனக்கு..." அதற்குமேல் அவளால் முடியவில்லை.

அம்சவேணி அம்மாவின் கையை விலக்கவில்லை.

"அழுதுட்டு சொல்லும்மா" என்றாள். "டேப்பு நெறைய கீது."