அழுத்தம்தான், வலி இல்லை

அந்த மருத்துவமனையில் மயக்க டாக்டர் வருவதைப் பார்த்தால் பாதி காபியை வைத்துவிட்டுக்கூட ஆட்கள் நழுவுவார்கள். பின்னே என்ன? கால் அறுவைக்கு மரக்கவைக்க முதுகு ஊசி உசத்தியா, நரம்பு ஊசி உசத்தியா என்று ஆரம்பித்தால் மனுஷன் லேசில் விடமாட்டார். "முதுகுல போட்டா ரெண்டு காலும் மரத்துப்போகும், பிரஷர் இறங்கும், ஒண்ணுக்குப் போகவும் கஷ்டம். காலுக்குப் போற நரம்புகிட்ட போட்டுப் பாருங்க, அறுக்கற கால் மட்டும் தூங்கும்!" இரண்டையும் நோயாளிகளிடம் ஒப்பிட்டு ஆராய்ச்சி வேறு நடத்திக்கொண்டிருந்தார். அதில் நரம்பு ஊசி ஜெயித்தே தீரவேண்டும். அடுத்த மாதம் மாநாட்டில் அதைப் பற்றித்தான் பேசப்போகிறார்.

அப்படிப்பட்டவர் குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டார். கேட்பானேன்! அந்த வலியிலும் முகத்தில் ஒரு பெருமை. "எனக்கும் நரம்பு ஊசிதாம்மா. என்னையும் ஆராய்ச்சியில சேத்துக்கோ," என்றார், தன்னிடம் பயிற்சி பெறும் பெண் டாக்டரிடம்.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "காலை உடைச்சுக்கிட்டு வந்தும் புத்தி எங்க போகுது பாரு!"

பெண் டாக்டர் ஊசி போட்டாள். கணுக்காலின் உட்பக்கத்துக்குப் போகும் நரம்பு மட்டும் மரத்துப்போகாமல் டிமிக்கி கொடுத்துவிட்டது. எலும்பு டாக்டர் சரிபார்க்க அங்கே இடுக்கியால் கிள்ளினார். இவருக்கு உயிரே போயிற்று. ஆனால் வாயைத் திறந்தால் ஆராய்ச்சி போய்விடுமே!

"வலிக்குதா சார்?"

"சேச்சே! அழுத்தற மாதிரி இருக்கு, அவ்வளவுதான்."

நோயாளிகளுக்கு அவரே சொல்லிக்கொடுக்கும் வசனம் அது. எலும்பு டாக்டர் அதை நம்பிக் கத்தியை வைத்தார்.

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஓர் அலறல். "ஐயோ, நிறுத்துய்யா! முதுகுல போடுங்க, முதுகுல!"

போட்டார்கள். இரண்டு காலும் கட்டையாக மரத்துப்போயின. அதன்பின் முணுமுணுப்பில்லாமல் அறுவை முடிந்தது.

சாயங்காலம் பெண் டாக்டர் பார்க்க வந்தபோது அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என் கேஸை ஆராய்ச்சியிலேர்ந்து எடுத்துடும்மா. நான் டாக்டர், எனக்கு எல்லாம் தெரியும். அதனால அது கணக்குல வராது."

"எடுத்துடலாம் சார். இதே மாதிரி கத்தின லாரி டிரைவரையும் எடுக்கச் சொன்னீங்க. அந்த டீச்சரம்மாவையும் எடுக்கச் சொன்னீங்க. அவங்களுக்கு என்ன தெரியும்னு எடுத்தோம்?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்போ மாநாட்டுல நான் என்னத்தைப் பேசறது?" என்றார்.