வலிக்கு நான் கொடுத்த சைபர்

எழுத்துப் பிழையும் கோணலும் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மன்னார்குடிப் பக்கம் நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதன் பிறகு கையெழுத்துப் போடத்தான் பேனா பிடித்திருக்கிறேன். மறதியும் உண்டு. ஆனால் கோபம் ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இந்த மலாய் நாட்டு ஆஸ்பத்திரியில் வலிக்கு மார்க்குப் போடச் சொல்கிறார்கள். ஊரில் இருப்பவர்கள் நம்ப மாட்டீர்கள். ஒரு அட்டையில் வரிசையாக மூஞ்சிகள். முதல் மூஞ்சி சிரிக்கும், கடைசி மூஞ்சி அழும். அடியில் சைபரிலிருந்து பத்து வரை எண். எதைத் தொடுகிறோமோ அதுதான் நம் வலி. என் வலது தோளில் எலுமிச்சம்பழம் அளவில் இரண்டு கொழுப்புக் கட்டி, இடது தோளில் ஒன்று. மலாய்க்கார டாக்டர் பெண், என் பேத்தி வயதுதான் இருக்கும், அமுக்கிப் பார்த்து, "சாக்கிட் தாக், மக்சிக்?" என்றாள். வலிக்கிறதா அம்மா என்று அர்த்தம். நான் சிரித்துக்கொண்டே இல்லையென்று தலையாட்டி, சிரிக்கிற மூஞ்சியைத் தொட்டேன். சைபர்.

அந்தத் தலையாட்டலைக் கல்யாணம் முடிந்து கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்த முதல் மாதமே கற்றுக்கொண்டேன். ரப்பர் பால் நிறைந்த காண்டா வாளி இரண்டையும் கம்பில் மாட்டித் தோளில் வைத்தால், நிறுக்கிற இடம் போய்ச் சேருமுன் தோல் உரிந்துவிடும். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசர், "வலிக்குதா?" என்பார். ஆமாம் என்றால் சீட்டு எழுதுவார். சீட்டு வாங்கினால் அன்றைய சம்பளம் போச்சு. மறுநாள் எங்களை வேலை வாங்கும் மண்டோர் வேறு, "என்னா, மகாராணிக்கு மேலுக்கு முடியலையாமே!" என்று எல்லாரும் கேட்கக் கத்துவார். அதனால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எந்தப் பெண்ணும் வலிக்கிறது என்று சொன்னதில்லை. "ஒண்ணுமில்லைங்க ஐயா." காய்ச்சலுக்கும் அதுதான். எனக்கு இரண்டாவது பிள்ளை கலைந்தபோதும் அதுதான்.

இப்போது புக்கிட் செந்தோசாவில் மகள் செல்வியோடு இருக்கிறேன். ரவாங்கில் தொழிற்சாலை வேலை அவளுக்கு. ஆஸ்பத்திரிச் செலவைத் தருவார்கள் என்று என் பெயரில் ஒரு மெடிக்கல் கார்டுக்கு மாதாமாதம் கட்டி வருகிறாள். தனியார் ஆஸ்பத்திரியில் வலது தோள் கட்டி இரண்டையும் அறுத்து எடுத்தார்கள். முதலில் நீங்கள் கட்டுங்கள், பிறகு தருகிறோம் என்றது கார்டு கம்பெனி. இந்த ஊர்க் காசில் நாலாயிரம் வெள்ளி. அது என் விமான டிக்கெட்டுக்காக செல்வி ஒதுக்கி வைத்திருந்த பணம். ஊரில் என் கூடப்பிறந்தவர்களில் தங்கை பவுனம்மாள் மட்டும்தான் மிச்சம். பார்த்துப் பதினெட்டு வருடமாகிறது. அவளுக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது. என் முகம் தெரிகிறபோதே போய்விட வேண்டும் என்று இருந்தேன்.

பிறகு கம்பெனியின் கடிதம் வந்தது.

"அம்மா, வலி சைபர்னு எழுதியிருக்கறதால இது அழகுக்காகச் செஞ்ச ஆபரேஷனாம். காசு தர முடியாதாம் லா."

"யாரு அழகுக்கு?"

"உங்க அழகுக்குத்தான். எழுபது வயசுல மிஸ் எஸ்டேட் போட்டிக்குப் போறீங்கன்னு நெனச்சிட்டான் போல." சிரித்தவள் உடனே அழுதாள். "ஏம்மா வலிக்கலன்னு சொன்னீங்க? வலப்பக்கம் சாஞ்சு படுத்தே எத்தனை மாசமாச்சு!"

அழகாம்! ரவிக்கைக்குள் கிடந்த இந்தத் தோளை யார் பார்த்தார்கள்? கட்டி பாரம் தூக்கி வந்ததல்ல என்றாள் டாக்டர். சரி, இருக்கட்டும். கையைத் தூக்கித் தலை வார முடியாமல் போனதே, அதைச் சரிசெய்வது அழகா? நான் சொன்னதைத்தானே எழுதினார்கள் என்கிறாள் செல்வி. என் வாயை அப்படிப் பழக்கியது யார்? அட்டையை நீட்டினவர்கள், கத்திக்கு வந்து படுத்தவள் ஏன் சிரிக்கிற மூஞ்சியைத் தொடுகிறாள் என்று ஒரு வார்த்தை கேட்டார்களா? ஊரில் கட்டி வந்தால் எங்கள் அம்மா கோவில் குளத்தில் வெல்லம் போடுவாள். வெல்லம் கரைகிற மாதிரி கட்டியும் கரையுமாம். எங்கள் சித்தப்பா கட்டியோடுதான் செத்தார். ஆனாலும் வலியை நிரூபி என்று அவரிடம் யாரும் படிவம் நீட்டவில்லை.

போன வாரம் இடது தோளைக் காட்ட அதே டாக்டரிடம் போனோம். தாதி அதே அட்டையை நீட்டினாள். "சாக்கிட்," என்றேன். எனக்கே கேட்கவில்லை. அப்புறம் எங்கிருந்து வந்ததோ, "சாக்கிட் லா! அதுவும் வலிச்சுது, இதுவும் வலிக்குது!" என்று பாதி தமிழில் கத்திவிட்டேன். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். முன்பு சைபர் என்றீர்களே என்று டாக்டர் மலாயில் கேட்க, செல்வி டிரசர் கதையையும் மண்டோர் கதையையும் எடுத்துச் சொன்னாள். டாக்டர் பேனாவை எடுத்தாள். பழைய சைபரை அழிக்க முடியாது, கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதித் தருகிறேன் என்றாள். இடது தோளுக்கு ஏழு என்று எழுதினாள்.

பதில் இன்னும் வரவில்லை. தங்கைக்குப் போன் செய்தேன். "மிச்சக் கட்டிக்கு நேத்தே குளத்துல வெல்லம் போட்டுட்டேன் அக்கா. நீ எப்ப வர்றே?" என்றாள். வலது தோளின் தழும்பு இங்கே கடிதத்துக்குக் காத்திருக்கிறது. இடது தோளின் கட்டிக்கு அங்கே வெல்லம் கரைகிறது. நடுவில் என் தலை, எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல்.

எந்தத் தோளில் எத்தனை, எவ்வளவு வெள்ளி என்பதையெல்லாம் மாற்றி எழுதியிருப்பேன். அச்சில் போடுமுன் யாராவது செல்வியிடம் காகிதங்களை வாங்கிச் சரிபாருங்கள். அந்த ஏழு மார்க்கை மட்டும் திருத்த வேண்டாம்.