மனுவில் விட்டுப்போன நிலைப்படி

இராமநாதபுரம் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே மரத்தடியில் உட்கார்ந்து, ஊராருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுப்பது அப்போது என் தொழில். சிறு வயதுக் காய்ச்சலில் இரண்டு கால்களும் சூம்பிப்போயின. நான்கு சக்கரம் வைத்த பலகையில் அமர்ந்து, கைகளால் தரையை உந்தித் தெருவெல்லாம் சுற்றி வருவேன். வாடகை வீட்டு வாசலில் மட்டும் என் ஜம்பம் சாயாது. அங்கே ஐந்து படிகள். தவழ்ந்து ஏறலாம்தான், தெருவே பார்க்கத் தவழ எனக்கு மனமில்லை. மனைவி தூக்கி ஏற்றுவாள். அவள் தண்ணீருக்குப் போயிருந்தால் வெயிலோ மழையோ வெளியிலேயே கிடப்பேன். அந்த நேரத்தில் அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வரும்.

நகராட்சி கட்டிக்கொண்டிருந்த வரிசை வீடுகளில் எனக்கும் ஒன்று ஒதுக்கினார்கள். உடனே எனக்காக நானே மனு எழுதினேன். படிக்குப் பதில் சரிவு வேண்டும், அதுவும் எல்லா வீட்டுக்கும். 'கால் முடியாதவர்கள் மூன்று பேர் இருக்கிறோம். மற்றவர்களுக்கும் வயதாகும்' என்று காரணம் காட்டினேன்.

அதிகாரி சிரித்தார். "ஊரே சறுக்கி விளையாடவா?"

நான் விடவில்லை. ஏழாவது மனுவில், எங்கள் மூன்று வீடுகளுக்கு மட்டும் ஒப்புக்கொண்டார்.

வாசல் நிலை வைக்கும் நாளில் நானே தேங்காய் உடைத்தேன். நிலையின் அடிக்கட்டைக்குக் கீழே நவதானியம் போட்டதும் என் கைதான். சரிவு முடிந்த பிறகு ஒருநாள் ஆசையாக உந்தி ஏறினேன். உச்சியில் அந்தக் கட்டை நான்கு விரல் உயரத்துக்கு நின்றது. பலகை முட்டி நின்றுவிட்டது. படியைப் பற்றி ஏழு மனு எழுதியவனுக்கு நிலைப்படி கண்ணில் படவேயில்லை. வெட்கத்தில் காது சுட்டது.

"அறுத்து எடுத்துரும்" என்றேன் கொத்தனாரிடம்.

அவர் பதறிவிட்டார். "பூசை போட்டு வச்ச நிலைய அறுக்கவா? நான் மாட்டேண்ணே."

பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கட்டையையே பார்த்திருந்தார். பிறகு, "நிலையத் தொடக் கூடாது. தரையத் தொடலாம்ல?" என்றார்.

கதவு இன்னும் மாட்டாதது நல்லதாய்ப் போயிற்று. உள்ளே தரையையும் வெளியே சரிவையும் கட்டை மட்டத்துக்கு உயர்த்தினார். மற்ற இரண்டு வீடுகளிலும் இதையே செய்யச் சொல்லி, அன்றே எட்டாவது மனுவை எழுதிவிட்டேன்.

குடிபுகுந்த காலையில், பழக்கதோஷத்தில் மனைவி என்னைத் தூக்கக் குனிந்தாள்.

"நீ போய்ப் பால் காச்சு. நான் வாரேன்."

உந்தினேன். சக்கரங்கள் மஞ்சள் பூசிய கட்டைமேல் ஏறி உள்ளே போயின. திரும்பி வெளியே வந்தேன். மறுபடி உள்ளே போனேன். மறுபடியும் வந்தேன்.

அடுப்படியிலிருந்து அவள் குரல் கேட்டது. "பால் பொங்கி ஆறியும் போச்சு. இன்னும் எத்தன தடவ குடி வருவீக?"